முப்பத்தொரு கிடேரிகள்

பனிப்புயல் போய் நாலாவது வாரமும் அயோன் க்வாமி செத்த மாடு தேடிக்கொண்டுதான் இருந்தாள். காலையில் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போவாள். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி, பூட்ஸை மாற்றிக்கொண்டு, கையில் நீளமான இரும்புக் கம்பியோடு ஓடைப் பள்ளத்தில் இறங்குவாள். பனி குவிந்து கிடக்கும் இடத்தில் எல்லாம் குத்திப் பார்ப்பாள். கம்பி சுலபமாக இறங்கினால் வெறும் பனி. தடுத்தால் கல், அல்லது மாடு.

அரை மைல் தள்ளியிருக்கும் ஆர்லிஸ் ரூடுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவளுடைய சமையலறை ஜன்னலில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. பறவை பார்க்கத்தான். நவம்பர் மாதத்து வட டகோட்டாவில் என்ன பறவை பறக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஆர்லிஸுக்கு வம்பு பேசுவது பிடிக்காது. அதை ஊரில் எல்லாரிடமும் அவளே சொல்லியிருக்கிறாள், யார் யாருக்குப் பிடிக்கும் என்ற பட்டியலையும் சேர்த்து.

அந்தப் புயலை எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்டோபர் நாலாம் தேதி. மாடுகளுக்குக் குளிர்கால மயிர்கூட வளரவில்லை. முதலில் மழை பெய்து தோல்வரை நனைத்தது, பிறகு காற்று, பிறகு இரண்டு நாள் பனி. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். வேலி பனியில் மூழ்கியிருந்தால் அதன் மேலேயே நடந்து போய்விடும். வெயில் வந்த அன்று ஓடையிலும் ரோட்டோரத்திலும் அடுத்தவன் நிலத்திலும் கறுப்பு கறுப்பாகக் கிடந்தன. எங்கள் கவுன்ட்டியில் எல்லார் மாடும் கறுப்புதான். காதில் குத்தியிருக்கும் வில்லையைப் பார்த்தால்தான் யாருடையது என்று சொல்ல முடியும்.

அயோனின் கணவன் ஓரினையும் அன்றைக்குத்தான் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்தது ஆர்லிஸின் கணவன் வென்டல். இரண்டு குடும்பத்து நிலத்துக்கும் நடுவேலியில் ஒரு கம்பிப் படல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், படலை மாட்டும் கம்பி வளையத்தைக் கையில் பிடித்தபடி, உட்கார்ந்த வாக்கில் இருந்தான். அறுபத்து மூன்று வயது. அவனுடைய மாடுகள் பெரும்பாலும் தெற்கே இருந்தன. அவன் போனது வடக்கே. 'ஒரு சின்ன வேலை' என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஏன் வடக்கே போனான்? தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாவுச் சாப்பாட்டின்போது, பன்றிக்கறி வைத்த பன்னைக் கடித்துக்கொண்டே ஊர் முழுக்க இதைத்தான் கேட்டது. கடுங்குளிரில் புத்தி தடுமாறும், திசை தெரியாது என்றார் பாதிரியார். "ஓரினுக்கா?" என்று கேட்டாள் அயோன். பாதிரியார் காபி எடுக்கப் போய்விட்டார்.

அக்டோபர் கடைசி நாள், வெள்ளிக்கிழமை, அயோன் ஒரு காகித உறையோடு ஆர்லிஸின் சமையலறைக்குள் வந்தாள். கதவைத் தட்டவில்லை. எங்கள் பக்கத்தில் கதவைத் தட்டுகிறவன் எதையாவது விற்க வந்தவன்.

"காபி இருக்கா, இல்ல அதையும் வென்டல் குடிச்சுத் தீத்துட்டானா?"

"அடியில கொஞ்சம் கெடக்கு. காலைல போட்டது."

"ஊத்து. என் வீட்டுல அதுகூட இல்ல. ஒருத்திக்காக எவ காபி போடுவா?"

உறையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புயலில் மாடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகைக்கான படிவம். கவுன்ட்டியில் அதை நிரப்பாதவர்கள் பாதிரியாரும் பல் மருத்துவரும்தான்.

"அம்பத்தெட்டு மாட்டுக்குப் போட்டோ இருக்கு, அறுத்தெடுத்த காது வில்லை இருக்கு. வேளாண் ஆபீஸ்ல மாவிஸ் பாத்துட்டு சரின்னுட்டா. இடிக்கிறது கிடேரிங்கதான். கிழக்கு மேய்ச்சல்ல விட்டிருந்தானே, சினைக் கிடேரி, முப்பத்தொண்ணு. ஒண்ணுகூடக் கெடைக்கல. முப்பத்தொரு மாடு, ஆர்லிஸ். முப்பத்தொரு எலி இல்ல. எங்க போயிருக்கும், சொல்லு?"

ஆர்லிஸ் சர்க்கரை டப்பாவைத் தேடினாள். அயோன் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டாள். அது ஆர்லிஸுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"மாவிஸ் என்னங்கிறா?"

"உடம்பு கெடைக்கலன்னா, புயலுக்கு முன்னாடி எத்தனை இருந்துச்சுன்னு எழுத்துல காட்டணுமாம். எழுத்து ஓரினோட நோட்டுல இருக்கு. நோட்டு..." கோப்பைக்குள் பார்த்தாள். "அது எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும். மாடு வைத்திருக்கிற ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரு சிவப்பு நோட்டு இருக்கும். தீவனக் கடைக்காரன் வருஷா வருஷம் சும்மா கொடுப்பது. எந்தப் பசு என்றைக்குக் கன்று போட்டது, எது நொண்டியது, எதை எந்த மேய்ச்சலுக்கு மாற்றியது, எல்லாம் பென்சிலில் அதில் இருக்கும். நாற்பது வருஷம் அது இல்லாமல் வாசற்படி தாண்டாதவன், இப்போது மட்டும் எப்படிப் போவான் என்று சொல்லி, சவப்பெட்டியில் ஓரினுக்குப் போட்ட முத்துப் பொத்தான் சட்டையின் பையில் அந்த நோட்டை வைக்கச் சொன்னவள் அயோன்தான். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மண் மூடி ஒன்பதாம் நாள் உதவித்தொகை அறிவிப்பு வந்தது.

"தோண்டி எடுக்கலாமான்னுகூடக் கேட்டுட்டேன் மாவிஸ்கிட்ட."

"அடிப்பாவி!"

"என்ன சொன்னா தெரியுமா? அதுக்கு வேற படிவமாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். யார் முதலில் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது.

"ஒரு வழி இருக்கு," என்றாள் அயோன். "சாட்சி. சொந்தக்காரனா இருக்கக்கூடாது, நம்ம கிட்ட கூலி வாங்கறவனா இருக்கக்கூடாது. மாட்டைப் பத்தித் தெரிஞ்ச அக்கம்பக்கத்து ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். 'ஆர்லிஸ் இருக்கும்போது உனக்கென்ன? அடுத்தவங்க மாட்டைப் பத்தி அவளைவிட யாருக்குத் தெரியும்'னு மாவிஸே சொன்னா."

"அவளுக்கு வாய் ஜாஸ்தி."

"கெடேரிக்கு இப்ப நல்ல விலை. அதுல முக்கால் பங்கு வந்தாலும் நெலம் நிக்கும். வரலன்னா பாங்க் கடனுக்கு மார்ச்சுல ஏலம். திங்கக்கிழமை நாலரையோட கடைசி. வர்றியா?"

"வரேன்," என்றாள் ஆர்லிஸ். வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த இன்னொன்று இதுதான். அடக்கத்துக்கு முந்தின நாள் மூன்று மணிக்கு, பன் அடுக்க யாரும் வருவதற்கு முன்பே ஆர்லிஸ் தேவாலயத்துக்குப் போய்விட்டாள். பெட்டி திறந்திருந்தது. ஓரினின் சட்டைப் பையில் சிவப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. கை தானாகப் போனது என்று பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தபால்காரன் மாற்றிப் போட்ட கடிதத்தையே பிரித்துப் பார்க்கிற கைக்கு, தானாகப் போகத் தெரியாதா?

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். பென்சிலில் மூன்று வரி. 'செப். 19. கிடேரி 31, வென்டல் வீட்டுக்கு. செப். 22 பாங்க் ஆள் எண்ண வருகிறான். முடிந்ததும் திருப்பி ஓட்டணும்.'

செப்டம்பரில் ஆர்லிஸ் ஃபார்கோவில், மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பாங்குக்கு அடமானமாக எழுதிக்கொடுத்த மாடுகளை, பாங்க் ஆள் வருஷம் ஒரு தடவை வந்து எண்ணுவான். வென்டல் தன் கிடேரிகளை வசந்தத்திலேயே சத்தமில்லாமல் விற்று டிராக்டரைப் பழுது பார்த்திருக்கிறான். எண்ணிக்கை உதைக்கும். அதனால் ஓரின் தன் கிடேரிகளைக் கைமாற்றாக ஓட்டி வந்து விட்டிருக்கிறான். எங்கள் பக்கத்தில் இது நடக்காத விஷயமில்லை. பாங்க் ஆளுக்குக் கறுப்பு மாடு எல்லாம் ஒரே மாடுதான், காதில் வில்லை மட்டும் சரியாக இருந்தால் போதும். பாவம், ஆர்லிஸ். கவுன்ட்டியில் எவன் வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று தெரிந்தவளுக்குத் தன் வீட்டுத் தொழுவம் தெரியவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. நோட்டைத் திருப்பி வைத்தாள். விரல் சட்டைக்குள்ளிருந்த குளிரைத் தொட்டது. மறுநாள் பெட்டியை மூடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தாள். முப்பத்தொரு இளம் கிடேரிகள். வலது காதில் வென்டலின் புது மஞ்சள் வில்லை. இடது காதில் வெறும் ஓட்டை. ஓரின் எப்போதும் இடது காதில்தான் குத்துவான்.

அன்றிலிருந்து ஆர்லிஸ் வாய் திறக்கவில்லை. வென்டலும் திறக்கவில்லை. முப்பத்தேழு வருஷக் கல்யாணம். உப்பு, சீதோஷ்ணம், பல்வலி என்று பேச நிறைய இருந்தது. ஆனால் தினமும் மாலை நாலு மணிக்கு, ஓரினின் பிக்கப் வண்டி தீவனத்தோடு வரும் நேரத்துக்கு, அந்தக் கிடேரிகள் மட்டும் மந்தையை விட்டுப் பிரிந்து தெற்கு வேலிக்குப் போய் வரிசையாக நிற்கும். படலைப் பார்த்துக் கத்தும். பசித்த மாட்டின் கத்தல் ஒரு மாதிரி, கன்றைப் பிரிந்த மாட்டின் கத்தல் ஒரு மாதிரி. இது இரண்டும் இல்லை. யாரையோ பார்த்துவிட்டுக் கத்துவது போல இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆர்லிஸ் ஜன்னலுக்குப் போனாள். தரையோடு பனித்தூள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் முழங்காலுக்கு மேலே உலகம் தெளிவாக இருக்கும், கீழே ஒன்றுமே இருக்காது. கிடேரிகள் கால் இல்லாமல் நின்றன. படலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றான். அவனுக்கும் கால் இல்லை.

அயோனாக இருக்கும் என்று தொலைநோக்கியை எடுத்தாள். அயோன் இல்லை. பழுப்பு மேலங்கி, காது மூடும் தொப்பி. வலது கையை நீட்டி மாடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் மாட்டை இரண்டிரண்டாக எண்ணுவார்கள். ஓரின் ஒருவன்தான் மூன்று விரலைச் சேர்த்து மும்மூன்றாக எண்ணுவான். அந்த ஆளின் கை மூன்று விரலோடு பத்துத் தடவை இறங்கியது. கடைசியில் ஒற்றை விரல். பிறகு சட்டைப் பையைத் தொட்டான். எதையோ எடுத்துப் பார்த்தான். உள்ளே வைத்தான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் ஆர்லிஸின் முதுகைச் சில்லிட வைத்தது. தப்பாக எண்ணுகிறவன் திருத்திக்கொண்டு போய்விடுவான். சரியாக எண்ணிவிட்டு நிற்கிறவன் எதற்காக நிற்கிறான்?

பின்னாலிருந்து ஒரு கை வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டது. வென்டல்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றான்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றவில்லை, வீட்டுக்குள் தொப்பியோடு உட்கார்ந்தால் ஆர்லிஸ் திட்டுவாள். இன்றைக்குத் திட்டவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"அவனைப் பொதைச்ச அன்னிலேருந்து. அதான் தீவனத்தை மூணு மணிக்கே போட்டுட்டு வந்துடறேன்." தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "உனக்கும் கெடேரி விஷயம் தெரியும், இல்ல? எப்படி?"

"எனக்கு எதுதான் தெரியாது?"

"செப்டம்பர்ல தெரியலியே."

அது சுருக்கென்று தைத்தது. பொறுத்துக்கொண்டாள். வென்டல் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எண்ணி முடிஞ்சதும் ஓட்டிட்டுப் போறேன்னான். நான்தான், எம் புல்லு மிச்சம் இருக்கு, ரெண்டு வாரம் கெடக்கட்டும்னேன். புயல் வர்ற அன்னிக்கு மத்தியானமே அதுங்களைக் கொட்டகைக்குள்ள அடைச்சுட்டேன், ஆர்லிஸ். முப்பத்தொண்ணையும். ஒரு மயிர் நனையல. அவனுக்குப் போன் போட்டேன். லைன் செத்துப்போச்சு. மேட்டுல நனைஞ்சிட்டு நிக்குதுன்னு நெனைச்சிக்கிட்டு வந்திருக்கான்." மூக்கை உறிஞ்சினான். "கொட்டகையிலேருந்து படலு எவ்வளவு தூரம்? இருநூறு அடி. நான் உள்ள உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தேன்."

வெளியே கிடேரிகள் கத்தின. திரை மூடியிருந்தால் சத்தம் குறையும் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள் போல.

"அயோன் என்னைக் கையெழுத்துப் போடக் கூப்பிடறா," என்றாள் ஆர்லிஸ். "முப்பத்தொண்ணும் செத்துப்போச்சுன்னு."

"மாவிஸ் சொன்னா." வென்டல் நிமிர்ந்தான். இதை அவன் பல நாள் யோசித்திருக்கிறான் என்று தெரிந்தது. "போட்டுடு. அவளுக்கு அரசாங்கம் காசு குடுக்கும். நெலம் நிக்கும். பாங்க்காரனுக்கு எண்ணிக்கை நிக்கும். நமக்கு வீடு நிக்கும். இதுல யாருக்கு நஷ்டம், சொல்லு?"

"அவ பள்ளத்துல குத்திக்கிட்டிருக்கா."

"காசு வந்தா நிறுத்திடுவா."

"அவன்?"

வென்டல் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"மாட்டைத் திருப்பி விட்டா, அடுத்த எண்ணிக்கைல முப்பத்தொண்ணு குறையும்," என்றான் மெதுவாக. "எழுதிக்குடுத்த மாட்டை வித்தவனை பாங்க் என்ன பண்ணும்னு உனக்குத் தெரியும். இந்த வீடு, இந்த ஜன்னல், உன் பறவை எல்லாம் போயிடும். வயசு எனக்கு அறுபத்தாறு. யோசிச்சுக்கோ, அம்மணி."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்லிஸ் ஒரு வம்பும் பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான்.

திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு அவளும் அயோனும் அவரவர் வண்டியில் கவுன்ட்டி வேளாண் அலுவலகத்துக்குப் போனார்கள். கடைசி நாளானதால் கூட்டம். சேற்று பூட்ஸ்களும் ஈர மேலங்கிகளும் மிட்டாய்க் கிண்ணமுமாக, கிட்டத்தட்ட ஒரு விருந்து மாதிரி இருந்தது. ஆளுக்கு ஆள் எத்தனை போச்சு என்று விசாரித்துக்கொண்டார்கள். "எனக்கு நாப்பது." "எனக்கு இருபத்திரண்டு, ஒரு காளை." புயலுக்கு மறுநாள் ரோட்டில் நின்று அழுதவர்கள்தான் இவர்கள்.

மாவிஸ் படிவத்தைத் திருப்பி வைத்து விரலால் காட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து, ஆர்லிஸ். செத்தது அம்பத்தெட்டு, காணாமப்போய்ச் செத்ததா எண்ணுறது முப்பத்தொண்ணு. கண்ணாடி இருக்கா? உங்களுக்கு எதுக்குக் கண்ணாடி, அரை மைலுக்கு அப்பால இருக்கிறதே தெரியுமே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அயோனும் சிரித்தாள். ஓரின் போனபிறகு பல் தெரிய அவள் சிரித்து ஆர்லிஸ் இப்போதுதான் பார்த்தாள்.

ஆர்லிஸ் பேனாவை எடுத்தாள். முப்பத்தொன்று என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். கீழே ஐம்பத்தெட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

மிட்டாய்க் கிண்ணத்துக்குள் இருந்த ஒரு கை அப்படியே நின்றது.

"என்ன பண்ணிட்டே?" என்றாள் அயோன்.

"அந்த முப்பத்தொண்ணுக்கு என்னால போட முடியாது."

"ஏன்? நான் பொய் சொல்றேனா? இத்தனை பேர் முன்னாடி நான் அரசாங்கத்தை ஏமாத்த வந்தவளா?"

"நீ பொய் சொல்லல. நீ நம்பித்தான் சொல்றே."

"அப்புறம் என்னடி?"

ஆர்லிஸால் அங்கே சொல்ல முடியவில்லை. அத்தனை காதுகள். வாழ்நாள் முழுக்க அந்தக் காதுகளுக்குத்தான் தீனி போட்டிருக்கிறாள். "வீட்டுக்குப் போ, அயோன். வடக்குத் தொழுவத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நில்லு. நாலு மணிக்கு."

"எதுக்கு? மார்ச்சுல ஏலம் போடறவன் வந்து பாக்கவா? அன்னிக்கும் நீதானே வந்து பன்னு விப்பே. எம் மாடு எம் புருஷன் பின்னாலயே போச்சு, அதுக்கு ஒரு கையெழுத்துப் போட உனக்குக் கை வரல!"

ஆர்லிஸ் வெளியே வந்தாள். ஆர்லிஸ் பதில் சொல்லாமல் ஓர் இடத்தை விட்டுப் போனதை அந்த அலுவலகம் அன்றைக்குத்தான் பார்த்தது. கதவு மூடுவதற்குள் உள்ளே பேச்சு தொடங்கியதும் அவள் காதில் விழுந்தது. பரவாயில்லை, இனிமேல் அவர்களுக்கு நிறைய இருக்கிறது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். தேவாலயத்துக்குப் போடும் நல்ல மேலங்கியோடு நேரே தெற்கு வேலிக்கு நடந்தாள். நாலு மணி ஆக ஐந்து நிமிஷம். கிடேரிகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. படலுக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். கம்பிப் படலைத் திறக்க ஆள் பலம் வேண்டும். கம்பத்தைத் தோளால் அணைத்து நெருக்கினால்தான் வளையம் தளரும். அந்த வளையம். அதன்மேல் கை வைத்தபோது இரும்பு சூடாக இருந்தது. குளிர் அதிகமானால் இரும்பு சுடும், அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அது குளிரின் சூடு மாதிரி இல்லை. ஒருவன் இப்போதுதான் கையை எடுத்த மாதிரி இருந்தது.

"ஆர்லிஸ்!" வென்டல் கொட்டகையிலிருந்து ஓடி வந்தான். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றுவிட்டான். "பாங்க்..."

"நானே போன் பண்ணிச் சொல்றேன். எனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

வளையம் விடுபட்டது. படல் தரையில் விழுந்தது.

மாடுகள் திறந்த வழியைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படும். முகர்ந்து பார்க்கும், பின்வாங்கும். இவை தயங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவளைத் தாண்டிப் போயின. எல்லாம் ஒரே இடத்தில் சற்று விலகி, ஏதோ நிற்பதைச் சுற்றிப் போவது போல வளைந்து, மறுபடி வரிசைக்கு வந்தன. அந்த இடத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. ஆர்லிஸ் கடைசிக் கிடேரியின் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

அரை மைல். பனித்தூளுக்கு நடுவே க்வாமி வீட்டு விளக்கு தெரிந்தது. சொன்னபடி தொழுவக் கதவு திறந்திருந்தது. கோபத்தில்தான் திறந்திருப்பாள், என்னதான் காட்டப்போகிறாய் பார்க்கிறேன் என்று. கதவோரம் நின்ற அயோன் முதலில் அசையவில்லை. முப்பது நாளாகப் பனிக்கு அடியில் தேடியவை பனிக்கு மேலே கால் இல்லாமல் நடந்து வருவதைப் பார்த்தால் யார்தான் அசைவார்கள்?  பிறகு அவள் கை எழுந்தது. மூன்று விரல். மூன்று, ஆறு, ஒன்பது.

முப்பத்தொன்றாவது கிடேரியைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். வலது காதின் மஞ்சள் வில்லையைப் பார்த்தாள். இடது காதைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினாள். கட்டை விரல் ஓட்டைக்குள் நின்றது.

"இது என் மாடு."

"ஆமா."

ஆர்லிஸ் சொன்னாள். பாங்க் ஆள், செப்டம்பர், நோட்டில் இருந்த மூன்று வரி, கொட்டகை, செத்துப்போன போன் லைன். வழக்கமாக ஒரு கதையை ஆர்லிஸ் சொன்னால் நடுவே கைவேலைப்பாடு இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"இதுக்குத்தான் வடக்க போனானா?" என்றாள் அயோன்.

"ஆமா."

"திசை தெரியாமப் போகல."

"இல்ல. நேரா வந்திருக்கான்."

அயோன் கிடேரியை விட்டாள். அது உள்ளே போய் மற்றவற்றோடு தீவனத் தொட்டியில் தலையை விட்டது. இப்போது எதுவும் கத்தவில்லை.

"நோட்டை எப்பப் பாத்தே?"

"பெட்டி மூடறதுக்கு முந்தின நாள்."

அயோன் மனசுக்குள் எண்ணினாள். அதையும் மும்மூன்றாக எண்ணினாளோ என்னவோ, கொஞ்ச நேரம் ஆனது.

"இருபத்தஞ்சு நாள். இருபத்தஞ்சு நாளா நான் பள்ளத்துல குத்திக்கிட்டிருந்தேன். நீ பாத்துக்கிட்டிருந்தே."

"ஆமா."

"ஏதாவது சொல்லேன். எப்பவும் சொல்லுவியே."

ஆர்லிஸ் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அயோன் தொழுவக் கதவை இழுத்து மூடிச் சங்கிலி போட்டாள். ஆர்லிஸ் கதவுக்கு வெளியே இருந்தாள்.

"இருட்டுறதுக்குள்ள போ," என்றாள் அயோன். அதில் கோபம் இல்லை. அன்பும் இல்லை.

மாடுகள் மிதித்த தடத்திலேயே ஆர்லிஸ் திரும்பி நடந்தாள். காற்று எதிரே வந்தது. தூரத்தில் அவள் வீடு, அதற்கு முன்னால் வேலி, வேலியில் திறந்து கிடந்த படலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள். பழுப்பு மேலங்கி, காது மூடும் தொப்பி. வென்டலிடமும் அப்படி ஒன்று உண்டு. தீவனக் கடையில் அவனும் ஓரினும் ஒரே நாளில் வாங்கியது. கம்பி வளையத்தைக் கையில் பிடித்தபடி அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கால் தெரியவில்லை. கூப்பிடவும் இல்லை, கையசைக்கவும் இல்லை.

செத்தவனாக இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே ஆர்லிஸ் நடந்தாள்.